மைக்கேல் வெஸ்ட்

மைக்கேல் பிலிப் வெஸ்ட் (1888 – 1973) ஓர் ஆங்கிலேயக் கல்வியாளரும், மொழி கற்பித்தல் ஆய்வாளரும், பாடநூலாசிரியரும், அகராதியாளரும் ஆவார். பிரித்தானிய இந்தியாவின் கல்விப் பணியில் சேர்ந்து, வங்காளத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணியாற்றினார். ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்போருக்கு முதலில் வேண்டியது பேச்சுப் பயிற்சி அன்று, வாசிப்புத் திறனே என்பது இவருடைய அடிப்படைக் கொள்கை. சொற்கட்டுப்பாட்டுடன் எழுதப்பட்ட படிநிலை வாசிப்பு நூல்கள், குறைந்த சொற்களைக் கொண்டே பொருள் கூறும் அகராதி, 1953இல் வெளிவந்த பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியல் ஆகிய மூன்றும் இவரது முதன்மையான பங்களிப்புகள். இன்று ஆங்கிலம் கற்கும் மாணவர் கையில் எடுக்கும் எளிய கதைநூல்களுக்கும் கற்போர் அகராதிகளுக்கும் பின்னால் டாக்காவில் இவர் செய்த வேலை இருக்கின்றது. ஆயினும் இவர் பெயர் ஆசிரியப் பயிற்சி மாணவர்களுக்கு வெளியே அதிகம் அறியப்படவில்லை.

வாழ்க்கை

வெஸ்ட் 1888ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் கல்வி கற்றபின், 1912இல் இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து வங்காளத்துக்கு வந்தார். ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதே தொடக்கத்திலிருந்து இவரது வேலையாக அமைந்தது. கல்வியும் உளவியலும் பற்றிய இவரது முதல் நூல் 1914இல் வெளியானது. அக்காலத்தில் உளவியல் புதிய துறை. அதன் அளவிடும் முறைகளை வகுப்பறைக்குக் கொண்டுவரலாம் என்ற நம்பிக்கை இவரிடம் இறுதிவரை மாறாமல் இருந்தது.

பின்னர் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வரானார். 1909இல் தொடங்கப்பட்ட அக்கல்லூரியும் 1921இல் தொடங்கப்பட்ட டாக்கா பல்கலைக்கழகமும் கிழக்கு வங்காளத்தின் கல்வி வாழ்வில் முக்கிய இடம் பெற்றிருந்தன. அதே காலப்பகுதியில்தான் கல்கத்தாப் பல்கலைக்கழக ஆணைக்குழு (தலைவர் மைக்கேல் சாட்லர்) தனது அறிக்கையை 1919இல் வெளியிட்டு, வங்காளத்தின் பள்ளிக் கல்வியைக் கடுமையாக விமர்சித்திருந்தது. எந்த மொழியில் கற்பிப்பது, ஆங்கிலத்தை எப்போது தொடங்குவது, எவ்வளவு கற்பிப்பது என்பன அன்றைய சூடான விவாதங்கள். வெஸ்ட் தன் ஆய்வைத் தொடங்கியது இந்தச் சூழலில்தான்.

1930களின் தொடக்கத்தில் இந்தியப் பணியிலிருந்து விலகிய வெஸ்ட், கனடாவின் டொராண்டோவிலும் பின்னர் இங்கிலாந்திலும் சொற்பட்டியல், அகராதிப் பணிகளில் ஈடுபட்டார். 1973இல் காலமானார்.

டாக்கா ஆய்வும் இருமொழியமும்

1926ஆம் ஆண்டு இந்திய அரசின் கல்விப் பணியகம் கல்கத்தாவில் வெளியிட்ட இருமொழியம் பற்றிய அறிக்கை வெஸ்டின் வாழ்நாள் ஆய்வுக்கு அடித்தளம். வங்காளத்தைச் சிறப்பாகக் கருத்திற்கொண்டு எழுதப்பட்ட இந்நூல், இரு மொழிகள் அறிவது குழந்தைக்கு நன்மையா தீமையா என்ற கோட்பாட்டு விவாதத்தை ஓரளவுக்கு ஒதுக்கிவிட்டு, நடைமுறைக் கேள்வி ஒன்றை முன்வைத்தது. ஒரு வங்காளச் சிறுவனுக்கு ஆங்கிலம் எதற்குத் தேவைப்படுகின்றது?

வெஸ்ட் அளித்த விடை இது: அவன் ஆங்கிலேயரோடு உரையாடும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆங்கிலத்தில் கட்டுரை எழுத வேண்டிய தேவை அதனினும் குறைவு. ஆனால் மருத்துவம், பொறியியல், வேளாண்மை, சட்டம், அறிவியல் என எதைக் கற்க விரும்பினாலும் அவனுக்கு வேண்டிய நூல்கள் அவன் தாய்மொழியில் அன்று இல்லை, ஆங்கிலத்தில் இருந்தன. எனவே அவனுடைய முதல் தேவை வாசித்தல். பேச்சும் எழுத்தும் தேவைப்படுவோருக்கு அதன்மேல் கட்டிக்கொள்ளலாம்.

இந்த வாதத்தின் ஒரு பகுதி தமிழ் வாசகருக்கு நெருடலாகத் தோன்றலாம். தாய்மொழியில் நூல்கள் இல்லை என்பதற்கு மாற்று, அந்நூல்களைத் தாய்மொழியில் உருவாக்குவதே என்று எவரும் கேட்கக்கூடும். வெஸ்டின் வாதம் தாய்மொழிக் கல்விக்கு எதிரானது அன்று. மொழிபெயர்ப்பு எவ்வளவு விரைந்து நடந்தாலும் எல்லாத் துறைகளையும் எல்லாக் காலத்திலும் ஈடுகட்டாது என்பதும், சிறிய நாடுகளின் மக்கள் பலரும் தம் மொழிக்கு அப்பால் இன்னொரு மொழியில் வாசிக்க வேண்டியவர்களாகவே இருக்கின்றனர் என்பதும் அவர் கருத்து.

சரண் மதிப்பு

வெஸ்டின் சிந்தனையில் மிகவும் பயனுள்ள கருத்து எது என்று கேட்டால், காப்பீட்டுத் துறையிலிருந்து அவர் கடன்வாங்கிய சரண் மதிப்பு என்ற கருத்தைத்தான் சொல்லவேண்டும். ஆயுள் காப்பீட்டுத் தவணையை இடையில் நிறுத்திவிட்டவருக்கு, அதுவரை கட்டிய பணத்துக்கு ஈடாக ஏதேனும் ஒரு தொகை திரும்பக் கிடைக்கின்றது. அதுபோல, ஒரு பாடத்தை இடையில் நிறுத்திவிட்டுப் போகும் மாணவனுக்குக் கையில் என்ன மிஞ்சுகின்றது?

வங்காளப் பள்ளிகளில் சேர்ந்தவர்களுள் பெரும்பாலோர் இறுதி வகுப்பை எட்டுவதற்கு முன்பே நின்றுவிட்டனர். ஆனால் பாடத்திட்டமோ இறுதித் தேர்வு எழுதப்போகும் சிலரை மட்டுமே மனதிற்கொண்டு அமைந்திருந்தது. முதல் சில ஆண்டுகளில் கற்ற இலக்கண விதிகளும், எழுத்துக்கூட்டலும், மனப்பாடம் செய்த பத்திகளும் இடைநின்ற மாணவனுக்கு ஒன்றுக்கும் உதவவில்லை. பத்து ஆண்டுப் பாடத்தில் நான்காம் ஆண்டில் நின்றவன், நாற்பது விழுக்காடு பயனைப் பெறவில்லை. ஏறக்குறைய எதுவுமே பெறவில்லை.

ஆகவே பாடத்தின் எந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும் அதுவரை கற்றதற்கு ஒரு பயன் இருக்குமாறு அதை அமைக்கவேண்டும் என்றார் வெஸ்ட். பேச்சுக்கு இந்தத் தன்மை குறைவு. கேட்பாரும் பேசுவாரும் இல்லாத ஊரில் அரைகுறைப் பேச்சு சில மாதங்களில் மறந்துபோகும். வாசிப்பு அப்படியன்று. 500 சொற்கள் தெரிந்தவனுக்கு 500 சொற்களில் எழுதப்பட்ட கதை உண்டு. 1000 சொற்கள் தெரிந்தால் அதற்கேற்ற நூல் உண்டு. ஆசிரியர் இல்லாமலும் தொடரலாம். நூல் மட்டும் இருந்தால் போதும்.

நூல் மட்டும் இருந்தால் என்ற அந்த நிபந்தனைதான் சிக்கல். அத்தகைய நூல்கள் அன்று இல்லை. வெஸ்ட் அவற்றை எழுதத் தொடங்கினார்.

புதுமுறை வாசிப்பு நூல்கள்

அக்காலத்தில் இந்தியப் பள்ளிகளில் வழங்கிய ஆங்கில வாசிப்பு நூல்களை வெஸ்ட் சொல் சொல்லாக எண்ணிப் பார்த்தார். இரண்டு குறைகள் தெரிந்தன. முதலாவது, எந்தச் சொல்லைக் கற்பிப்பது என்ற தேர்வு இல்லை. பேச்சிலும் அன்றாட எழுத்திலும் வழக்கிழந்த பழைய இலக்கியச் சொற்கள் நிறைந்திருந்தன. 'பிஃபோர்' என்று சொல்லவேண்டிய இடத்தில் 'ஏர்' என்றும், 'நத்திங்' என்பதற்கு 'நாட்' என்றும், 'ஐலண்ட்' என்பதற்கு 'ஐல்' என்றும் மாணவர்கள் கற்றனர். இரண்டாவது குறை அடர்த்தி. சில வரிகளுக்குள்ளேயே பல புதிய சொற்கள் குவிந்து, அவற்றுள் பல பிறகு அந்த நூலில் மீண்டும் தலைகாட்டவே இல்லை. மாணவன் வாசிக்கவில்லை, ஒவ்வொரு வரியையும் அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

வெஸ்ட் வகுத்த விதி எளியது. ஏறத்தாழ 50 சொற்கள் ஓடியபின்பே ஒரு புதிய சொல் வரவேண்டும். வந்த சொல் அருகிலேயே பலமுறை மீண்டும் வரவேண்டும். 250 சொற்கள் கொண்ட ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டால், பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் 25 புதிய சொற்கள் இருக்கும். வெஸ்டின் கணக்கில் 5 மட்டுமே. முதல் வகை நூலில் கதை மறைந்துபோகின்றது. இரண்டாம் வகையில் கதையின் போக்கே புதிய சொல்லின் பொருளைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடுகின்றது.

இவ்விதியின்படி அமைந்த புதுமுறை வாசிப்பு நூல்களை 1920களின் இறுதியிலிருந்து லாங்மன்ஸ் நிறுவனம் வெளியிட்டது. ஒவ்வொரு படிநிலைக்கும் முதன்மை நூலோடு பயிற்சி நூலும் துணை வாசிப்பு நூல்களும் இருந்தன. துணை நூல்களில் புதிய சொற்களைப் பெரும்பாலும் தவிர்த்து, மாணவன் ஏற்கனவே அறிந்த சொற்களைக் கொண்டே புகழ்பெற்ற கதைகள் திருப்பிச் சொல்லப்பட்டன. மலையேறுபவர் இடையில் சமதளத்தில் சற்று நடப்பதைப் போன்றது இது. கற்றதைப் பயன்படுத்தி ஒரு முழு நூலைப் படித்து முடித்தேன் என்ற நிறைவு மாணவனுக்குக் கிடைப்பதை வெஸ்ட் மிக முக்கியமாகக் கருதினார். இந்நூல்கள் வங்காளத்தைத் தாண்டி ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் பரவின.

வகுப்பில் இவற்றைப் பயன்படுத்தும் முறையும் மாறுபட்டது. ஒரு மாணவன் எழுந்து உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் வழக்கத்தை வெஸ்ட் ஏற்கவில்லை. அதில் ஒருவனுக்கு மட்டுமே பயிற்சி. அவனும் பொருளை விட உச்சரிப்பிலேயே கவனமாக இருப்பான். இவரது முறையில், பத்தியை வாசிப்பதற்கு முன்பே கேள்விகள் கொடுக்கப்படும். விடையைத் தேடி மாணவர் அனைவரும் மௌனமாக வாசிப்பர். எதையோ கண்டுபிடிப்பதற்காக வாசிப்பதே உண்மையான வாசிப்பு என்பது இதன் உட்பொருள்.

வாசிப்பா, பேச்சா?

வெஸ்டின் சமகாலத்தவரான ஹரோல்டு பால்மர் 1922 முதல் 1936 வரை ஜப்பானில் பணியாற்றி, அங்கு ஆங்கிலக் கல்வியைச் சீர்திருத்த முயன்றவர். மொழி என்பது முதலில் பேச்சே, காதும் நாவும் பழகியபின்பே எழுத்துக்குச் செல்லவேண்டும் என்பது பால்மரின் நிலைப்பாடு. மொழியியல் நோக்கில் பால்மர் கூறியதே பெரும்பாலான அறிஞர்களுக்கு உடன்பாடு. வெஸ்ட் அதை மொழியியலாகப் பார்க்கவில்லை. பேச்சுமுறைக்குத் திறமையான, தானே சரளமாகப் பேசக்கூடிய ஆசிரியர் வேண்டும், சிறிய வகுப்பு வேண்டும், நீண்ட காலம் வேண்டும். வங்காளத்தின் ஊர்ப்புறப் பள்ளியில் இம்மூன்றும் இல்லை. இல்லாத ஒன்றை முன்னிறுத்தித் திட்டம் தீட்டுவதில் பயனில்லை என்பதே அவர் வாதம்.

அமெரிக்காவிலும் இதே காலத்தில் இதையொத்த முடிவு எட்டப்பட்டது. அங்குள்ள பள்ளிகளில் பிற மொழிகள் கற்பிக்கப்படுவது பற்றி 1929இல் வெளிவந்த ஆல்ஜெர்னான் கோல்மனின் அறிக்கை, பெரும்பாலோர் இரண்டு ஆண்டுகள் மட்டுமே அம்மொழியைக் கற்பதால் வாசிப்பே அடையக்கூடிய இலக்கு என்றது.

வெஸ்ட் பேச்சை முற்றிலும் ஒதுக்கிவிடவில்லை என்பதையும் குறிப்பிடவேண்டும். பேச்சுக்கான சொற்தொகுதி வாசிப்புக்கானதை விட மிகச் சிறியதாக இருந்தால் போதும் என்று 1930இல் எழுதி, பின்னர் உரையாடல் பாடநூல் ஒன்றையும் வெளியிட்டார்.

அகராதி

1935இல் ஜே. ஜி. எண்டிகாட்டுடன் இணைந்து வெஸ்ட் வெளியிட்ட புதுமுறை ஆங்கில அகராதி, கற்போர் அகராதிகளின் வரலாற்றில் ஒரு திருப்புமுனை. ஏறத்தாழ 24,000 சொற்களுக்கும் மரபுத்தொடர்களுக்கும் 1,490 சொற்களை மட்டுமே பயன்படுத்தி அது பொருள் கூறியது. அந்த 1,490 சொற்கள் தெரிந்தவருக்கு அகராதி முழுவதும் விளங்கும்.

அதற்கு முந்தைய அகராதிகள் தாய்மொழியாளருக்காக எழுதப்பட்டவை. ஒரு சொல்லின் பொருளைத் தேடிச் சென்றால், அதனினும் கடினமான மூன்று சொற்கள் விடையாக நிற்கும். அவற்றைத் தேடினால் சிலவேளை தொடங்கிய சொல்லுக்கே திரும்பி வரவேண்டியிருக்கும். கணினி நிரல் எழுதுவோருக்கு முடிவிலாச் சுழற்சி பழக்கமான ஒன்று. வெஸ்ட் செய்தது, அச்சுழற்சி நிற்பதற்கான அடித்தளத்தை முன்கூட்டியே அறிவித்ததுதான். கணினி இல்லாத காலத்தில் இத்தனை வரையறைகளையும் கையால் சரிபார்த்தனர் என்பது வியப்புக்குரியது. 1978இல் வெளிவந்த லாங்மன் சமகால ஆங்கில அகராதி, ஏறத்தாழ 2,000 சொற்களில் பொருள் கூறும் முறையைக் கையாண்டபோது வெஸ்டின் சொற்பட்டியலையே அதற்கு அடிப்படையாகக் கொண்டது.

பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியல்

எந்தச் சொற்களை முதலில் கற்பிப்பது என்ற கேள்விக்கு அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு தார்ண்டைக் 1921இல் 10,000 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டிருந்தார். சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்ற எண்ணிக்கையே அதன் அடிப்படை. 1930இல் சி. கே. ஆக்டன் முன்வைத்த அடிப்படை ஆங்கிலமோ 850 சொற்களில் எல்லாவற்றையும் கூறிவிடலாம் என்றது. வெஸ்ட் பிறருடன் சேர்ந்து 1934இல் இதனை விரிவாக விமர்சித்தார். 850 சொற்களுக்குள் நிற்பதற்காக வளைத்து வளைத்துக் கூறும் தொடர்கள் கற்பவருக்கு எளிமையைத் தருவதில்லை என்பது முதன்மையான குற்றச்சாட்டு.

1934இல் நியூயார்க்கிலும் 1935இல் லண்டனிலும் கார்னெகி நிறுவனத்தின் ஆதரவில் நடந்த கூட்டங்களில் வெஸ்ட், பால்மர், தார்ண்டைக், சீனாவில் பணியாற்றிய லாரன்ஸ் ஃபாசெட் ஆகியோர் கலந்துகொண்டனர். வாசிப்பா பேச்சா என்பதில் முரண்பட்ட வெஸ்டும் பால்மரும் சொற்தேர்வில் ஒன்றுபட்டு, 1936இல் இடைக்கால அறிக்கையை அளித்தனர். இரண்டாம் உலகப் போர் குறுக்கிட்டது. வெஸ்ட் திருத்தி விரிவாக்கிய இறுதி வடிவம் 1953இல்தான் வெளிவந்தது.

ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள் கொண்ட இப்பட்டியலின் சிறப்பு, ஒரு சொல் எத்தனை முறை வருகின்றது என்பதோடு அச்சொல்லின் ஒவ்வொரு பொருளும் எத்தனை விழுக்காடு வருகின்றது என்பதையும் அது தருவதே. இர்விங் லார்ஜ் செய்த பொருள்வாரி எண்ணிக்கை இதற்கு உதவியது. அரிதாக வந்தாலும் பிற சொற்களை விளக்கத் தேவைப்படும் சொற்களை வெஸ்ட் சேர்த்துக்கொண்டார். அடிக்கடி வந்தாலும் எளிய மாற்று உள்ள சொற்களை நீக்கினார்.

இடர்மிகு சூழலில் கற்பித்தல்

1960இல், தமது எழுபதுகளில், வெஸ்ட் எழுதிய நூல் இடர்மிகு சூழலில் ஆங்கிலம் கற்பித்தல் பற்றியது. நாற்பது ஐம்பது மாணவர்கள் நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் வகுப்பு, பல்வேறு திறன் நிலையினர், வெப்பம், ஆங்கிலத்தைத் தானே சரளமாகப் பேசாத ஆசிரியர் ஆகியன அவர் கூறும் இடர்கள். உலகின் பெரும்பாலான வகுப்பறைகள் அப்படித்தான் இருந்தன. கற்பித்தல் நூல்களோ இருபது மாணவர் கொண்ட வகுப்பை எண்ணி எழுதப்பட்டு வந்தன.

இந்நூலில் வரும் பார்த்து நிமிர்ந்து சொல்லும் பயிற்சி இன்றும் கையாளப்படுகின்றது. மாணவன் நூலில் ஒரு தொடரைக் கண்ணால் வாசிக்கின்றான். பின்னர் தலையை உயர்த்தி, நூலைப் பாராமல், எதிரில் உள்ளவரிடம் அத்தொடரைச் சொல்கின்றான். கண்ணிலிருந்து நேரே வாய்க்குப் போகாமல், தொடர் சிறிது நேரம் மனதில் தங்கிச் செல்கின்றது. வேறு எந்தக் கருவியும் வேண்டாம். எத்தனை பெரிய வகுப்பிலும் இருவர் இருவராகச் செய்யலாம்.

தமிழ்நாட்டில்

சென்னை மாநிலத்தில் 1950களில் வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாகக் கற்பிக்கும் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் வாய்மொழிப் பயிற்சியே முதன்மை. இதற்காக ஏறத்தாழ 27,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கும் பெருந்திட்டம் மேற்கொள்ளப்பட்டது. பயிற்சி பெற்ற சிலர் பலருக்குப் பயிற்சி அளிப்பதால் பனிப்பந்து முறை என்று அதனை அழைத்தனர். சொற்களை எண்ணித் தேர்ந்து படிநிலையில் அமைப்பது என்ற வெஸ்டின் வழி இப்பாடத்திட்டத்துக்கு ஏற்புடையது. வாசிப்பு முதலில் என்பது மட்டும் ஏற்கப்படவில்லை. கல்லூரி மாணவருக்காக 1970களில் பாஸ்கரும் என். எஸ். பிரபுவும் எழுதிய பாடநூல், வாசிப்பின் வழியே ஆங்கிலம் என்பதையே தலைப்பாகக் கொண்டிருந்தது.

சரண் மதிப்பு பற்றிய கேள்வி இம்மாநிலத்தில் பழையதாகிவிடவில்லை. திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில்வழியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மகிழுந்துத் தொழிற்சாலையும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் தொழிற்சாலையும் உற்பத்தியைத் தொடங்கின. கொரிய, ஜப்பானிய, பிரெஞ்சு, செருமானிய நிறுவனங்கள் பல இங்கு உள்ளன. அவர்களுக்குள் பொதுமொழி ஆங்கிலம். பள்ளி இறுதியோ தொழிற்பயிற்சியோ முடித்து வரும் தமிழ் இளைஞருக்கு, பொறியின் திரையில் வரும் பிழைச்செய்தியையும், பராமரிப்புக் கையேட்டையும், பாதுகாப்பு எச்சரிக்கையையும் வாசித்துப் புரிந்துகொள்வதே அன்றாடத் தேவை; மேலாளருடன் ஆங்கிலத்தில் உரையாடும் தேவை பிறகுதான் வருகின்றது. ஆனால் தனியார் பயிற்சி நிலையங்கள் விளம்பரப்படுத்துவது பெரும்பாலும் பேச்சு ஆங்கிலத்தையே. பத்தாண்டுகள் ஆங்கிலப் பாடம் பயின்றும் ஒரு பக்கக் குறிப்பை வாசிக்கத் தயங்கும் இளைஞரை வெஸ்ட் டாக்காவில் நன்கு அறிந்திருந்தார்.

விமர்சனங்களும் பின்னைய ஆய்வுகளும்

வெஸ்டின் கொள்கை மீது பலவகை விமர்சனங்கள் உள்ளன. ஆளப்படும் மக்களுக்கு வாசித்து அறிந்துகொள்ளும் திறன் போதும், பேசி வாதிடும் திறன் வேண்டாம் என்ற குடியேற்ற ஆட்சியின் மனப்பான்மை இதில் மறைந்துள்ளது என்பது ஒன்று. வெஸ்டின் நோக்கம் அதுவாக இருந்ததாகத் தோன்றவில்லை. எனினும், பேச்சுத்திறன் பதவியையும் செல்வாக்கையும் தீர்மானித்த ஒரு சமூகத்தில், வாசிப்போடு நிறுத்தப்பட்டவர் ஒரு படி கீழேயே நின்றிருப்பார் என்பதை மறுக்க முடியாது. புகழ்பெற்ற நாவலைச் சில நூறு சொற்களுக்குள் சுருக்கினால் கதை மிஞ்சும், இலக்கியம் மிஞ்சாது என்பது மற்றொன்று. சொற்பட்டியல் பழையதாகிவிட்டது என்பது எல்லோரும் ஒப்புக்கொள்ளும் குறை. கணினி என்ற சொல்லுக்கு அதில் இடமில்லை.

2,000 சொற்கள் போதுமா என்ற கேள்விக்குப் பின்னைய ஆய்வுகள் போதாது என்றே கூறுகின்றன. 2000ஆம் ஆண்டில் ஹூ, பால் நேஷன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வின்படி, துணையின்றி ஒரு கதையை வாசித்துப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருக்கவேண்டும். இயல்பான நாவல்களில் இந்த அளவை எட்ட 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வரை தேவைப்படும் என்று நேஷன் 2006இல் கணக்கிட்டார். 98 விழுக்காடு என்பது ஐம்பதில் ஒரு சொல் மட்டும் தெரியாமல் இருப்பது. முக்கால் நூற்றாண்டுக்கு முன் டாக்காவில் வெஸ்ட் கைக்கொண்ட அதே விகிதம்.

நூல்களைக் கொடுத்தாலே மொழி வளருமா என்பதை ஃபிஜித் தீவுகளில் வார்விக் எல்லியும் பிரான்சிஸ் மங்குபாயும் சோதித்தனர். 1983இல் வெளிவந்த அவர்களது ஆய்வில், ஊர்ப்புறப் பள்ளிகளின் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு ஏறத்தாழ 250 ஆங்கிலக் கதைநூல்கள் வழங்கப்பட்டன. வழக்கமான வாய்மொழிப் பயிற்சி பெற்ற மாணவரை விட இவர்கள் வாசிப்பில் விரைந்து முன்னேறினர். இரண்டாம் ஆண்டில் அம்முன்னேற்றம் பிற மொழித்திறன்களுக்கும் பரவியது. 1990களில் இலங்கையின் சிறிய பள்ளிகளிலும் இதுபோன்ற திட்டம் ஒன்று நடத்தப்பட்டது.

சொற்பட்டியலைப் புதுப்பிக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன. உயர்கல்விக்கான 570 சொற்குடும்பங்களைத் தொகுத்து ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட பட்டியல், வெஸ்டின் 2,000 சொற்களுக்கு அப்பால் உள்ளவற்றையே எடுத்துக்கொண்டது. 2013இல், பெரும் கணினிச் சொற்தொகுதிகளின் துணையுடன், இரண்டு வெவ்வேறு ஆய்வுக் குழுக்கள் புதிய பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியல் என்ற பெயரிலேயே இரண்டு பட்டியல்களைத் தனித்தனியே வெளியிட்டன.